பீர் கெக் கழுவும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பீரை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய்தான் கெக். காலியான கெக்கில் வெந்நீரை ஊற்றி நாலு குலுக்கு குலுக்கிக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் வீட்டில் பீர் காய்ச்சும் பலரும் நினைக்கிறோம். டார்ச் அடித்துப் பார்த்தால் உட்சுவர் பளபளக்கும். ஆனால் அடுத்த பீரைக் கெடுக்கும் அழுக்கு பெரும்பாலும் சுவரில் இருக்காது. போஸ்டுக்குள்ளும் (மேலே குழாயை மாட்டும் முனை) டிப் டியூபுக்குள்ளும்தான் (பீரை மேலே கொண்டு வரும் உட்குழாய்) ஒளிந்திருக்கும்.

வீட்டில் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 19 லிட்டர் கார்னி கெக்கில் பீர் வெளியேறுவது அடிவரை நீளும் அந்த ஒரே குழாய் வழியாகத்தான். ஈஸ்ட் கசடு, ஹாப்ஸ் பூத் துணுக்கு எல்லாம் அதே வழிதான். ஒருமுறை, சுத்தம் என்று நான் நம்பியிருந்த கெக்கின் போஸ்டைக் கழற்றினேன். உள்ளே திறந்து மூடும் சிறு வால்வான பாப்பெட்டின் ஸ்பிரிங்கைச் சுற்றிப் பழுப்பாக, கொழகொழவென்று ஒரு படிவு. முகர்ந்தால் புளித்த வாடை. அதற்கு முன் அதில் ஊற்றிய இரண்டு பீரும் ஏன் புளித்தன என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து கெக் காலியாகும் ஒவ்வொரு முறையும் போஸ்ட், பாப்பெட், டிப் டியூப் மூன்றையும் கழற்றி, குழாய்க்குள் நீளமான பிரஷ் விட்டுத் தேய்க்கிறேன். கழற்றும் முன் மூடியிலுள்ள வால்வைத் திறந்து அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், அழுத்தத்தோடு கழன்றால் போஸ்ட் தெறித்து முகத்தில் அடிக்கும். வாயு போஸ்டையும் பீர் போஸ்டையும் மாற்றிப் பூட்டாமல் இருக்க, வெட்டுக்குறி உள்ளது வாயுவுக்கு என்று நினைவில் வையுங்கள்.

அடுத்த தவறு, கழுவாமலே சானிடைசர் ஊற்றுவது. அழுக்கின் மேல் ஊற்றினால் அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் பெர்கார்பனேட் என்ற காரத் தூள் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக அலசி, அப்புறம்தான் சானிடைசர். ஊறும்போது மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது. பெர்கார்பனேட் ஆக்சிஜனை வெளிவிடும், உள்ளே அழுத்தம் ஏறும்.

பிளீச்சைக் கெக் பக்கமே கொண்டு போகாதீர்கள். அதிலுள்ள குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குத்துபோலக் குழி விழ வைக்கும். அந்தக் குழிகளில் சேரும் கிருமியை எந்தப் பிரஷும் எட்டாது. பிளீச்சோடு அமிலம் கலந்துவிட்டால் நச்சு வாயுவே கிளம்பும். கம்பி நாரும் வேண்டாம், உதிரும் இரும்புத் துகள் துருவாகும்.

எவ்வளவு தேய்த்தும் போகாத வெளிறிய சொரசொரப்பு தெரிந்தால் அது பீர் கல், கால்சியம் ஆக்சலேட். காரக் கரைசலால் மட்டும் அது அசையாது, அமிலக் கிளீனர் வேண்டும்.

கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. விரிசல் விட்டதையும் பழைய வாடை ஏறியதையும் மாற்றிவிடுங்கள். பூசுவதற்கு உணவுத் தரச் சிலிகான் கிரீஸ்தான் சரி. பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, மூடியிலும் போஸ்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அந்த இடத்து ஓ-ரிங்கை மறுபடி பாருங்கள். வராவிட்டால் அதே அழுத்தத்தோடு கெக்கை எடுத்து வைக்கலாம். சில நாள் கழித்து வால்வைத் தொட்டதும் புஸ்ஸென்று சத்தம் வந்தால் கசிவில்லை.