வாட்ஸ்அப்பில் எழுத்து வருகிறது, படம் மட்டும் வரவில்லையா?

சித்தப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் அனுப்பிய குரல் பதிவுகளைச் சித்தி தன் போனில் பத்திரமாக வைத்திருந்தார். ஒருநாள் வாட்ஸ்அப்பில் படங்கள் டவுன்லோட் ஆகவில்லை என்று பக்கத்துத் தெரு மொபைல் கடைக்குப் போனார். கடையில் இருந்த தம்பி வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தார். படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. சித்தப்பாவின் குரல் போய்விட்டது. பேக்கப், அதாவது மாற்று நகல், எதுவும் எடுத்து வைக்கவில்லை. விசாரித்துப் பார்த்தால், போனில் இடம் நிறைந்திருந்ததுதான் கோளாறுக்குக் காரணம்.

அதனால் கீழே உள்ள படிகளை நான் கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். எதையும் அழிக்காத வேலைகள் முதலில் வருகின்றன. நீக்கிப் போடுவது கடைசி. ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

படி 1: ஒரு படமா, எல்லாப் படமுமா?

போனைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். மங்கலான படத்தின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி மட்டும் இருந்தால் கோளாறே இல்லை, அதைத் தொட்டால் படம் இறங்கும். தொட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், வேறொருவர் அனுப்பிய படத்தைத் தொட்டுப் பாருங்கள். அது இறங்கினால் உங்கள் போன் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த ஒரு படத்தில். நேராகப் படி 5-க்குப் போங்கள்.

யார் அனுப்பியதும் இறங்கவில்லை என்றால், வீட்டில் இருக்கும் மற்றவர்களின் போனிலும் கேளுங்கள். 2019 ஜூலை 3 அன்று உலகம் முழுக்க வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் படங்கள் பல மணி நேரம் வராமல் இருந்தன. அப்படிப்பட்ட நாளில் நாம் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

படி 2: இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா?

என்னிடம் வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வரும் ப்ரீபெய்ட் திட்டங்களில், அன்றைய அளவு முடிந்ததும் இணையம் பெரும்பாலும் முழுதாக நிற்பதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு 8 கேபி. ‘சாப்பிட்டாச்சா’ என்ற செய்திக்கு அது தாராளம். 200 கேபி படத்துக்கு 25 நொடி ஆகும். ஹெச்டி தரத்தில் அனுப்பிய 2 எம்பி படம் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும், நடுவில் இணைப்பு அறுந்தும் போகும். எழுத்து வருவதால் ‘நெட் இருக்கிறதே’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சோதிப்பது எளிது. மகனையோ மருமகளையோ ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, அதில் இணைந்து படத்தைத் தொடுங்கள். உடனே இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. நள்ளிரவு 12 மணிக்குப் புதிய டேட்டா வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் டேட்டா கூப்பன் போடுங்கள்.

டேட்டா மிச்சம் இருந்தும் வரவில்லையா? போன் செட்டிங்ஸில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். விபிஎன் (இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பத்து நொடி கழித்து எடுங்கள்.

படி 3: தேதி, நேரம்

சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும், ஆனால் உண்டு. வாட்ஸ்அப்பின் சர்வரோடு (அந்த நிறுவனத்தின் கணினியோடு) இணையும்போது, அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுமா என்று போன் சரிபார்க்கும். போனில் தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும், இணைப்பை மறுத்துவிடும். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த போனிலும், விளையாட்டுக்காகப் பிள்ளைகள் தேதியை மாற்றிய போனிலும் இது நடக்கும். செட்டிங்ஸில் டேட் அண்ட் டைம் என்ற இடத்துக்குப் போய், தானாக அமையும் வசதியை ஆன் செய்யுங்கள்.

படி 4: போனில் இடம் இருக்கிறதா?

செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து பாருங்கள். குறைந்தது ஒரு ஜிபியாவது காலியாக இருக்கட்டும், இது என் கணக்கு. இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலிருந்தே தொடங்குங்கள். மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே பலமுறை ஃபார்வர்ட் ஆனவை ஓரிடத்திலும், 5 எம்பிக்கு மேற்பட்டவை ஓரிடத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். காலை வணக்கப் பூக்களும், தீபாவளி வாழ்த்து வீடியோக்களும் பெரும்பாலும் முதல் தொகுப்பில் கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். மொத்தமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்காதீர்கள். யாரோ அனுப்பிய திருமண வீடியோவும் அதற்குள் இருக்கலாம்.

பலர் இங்கே ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸில் படத்தை அழித்தால் அது உடனே போவதில்லை. குப்பைத் தொட்டிக்குப் போய், பேக்கப் ஆகாத படம் என்றால் 30 நாள், பேக்கப் ஆனது என்றால் 60 நாள் அங்கேயே கிடக்கும். ‘ஐந்நூறு படம் அழித்தேன், இடம் வரவே இல்லை’ என்பவர்கள் அந்தத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யும் முன் ஒருமுறை உள்ளே பாருங்கள்.

இடம் வந்தபின் போனை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பெர்மிஷன்ஸ் போய், படங்களுக்கான அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படி பின்னே வந்தால், அந்த வாட்ஸ்அப் பக்கத்திலேயே ஸ்டோரேஜ் என்பதற்குள் கிளியர் கேஷ் இருக்கும். தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்குவது அது, தட்டலாம், ஆபத்தில்லை. அதன் அருகிலேயே கிளியர் டேட்டா இருக்கும். அது உரையாடல்களையே அழித்துவிடும், தொடவே தொடாதீர்கள்.

படி 5: அந்த ஒரு படம் மட்டும் வரவில்லை என்றால்

வாட்ஸ்அப் தன் சர்வரில் படங்களை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. போய்ச் சேரும்வரை பூட்டி வைத்திருக்கும், காலம் கடந்தால் நீக்கிவிடும். மாதக்கணக்கில் தொடாமல் விட்ட படம் இன்று வராததற்கு இதுதான் காரணம். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது திரும்பாது. அனுப்பியவரிடம் கேட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், அவர் போனில் அது இன்னும் இருக்கலாம். கூச்சப்படாதீர்கள், தள்ளிப்போடவும் வேண்டாம்; அவரும் இடத்துக்காக அழித்துவிட்டால் படம் எங்குமே இருக்காது. ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்பியிருந்தால், 14 நாளுக்குள் திறக்காவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடும்.

வந்தது உண்மையிலேயே படம்தானா என்பதையும் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால் அது படம் அல்ல, செயலி. நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படித்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும் திருட்டு வேலை இந்தியாவில் பல இடங்களில் நடந்திருக்கிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காமல் அழியுங்கள். முதலில் அவருக்குப் போன் செய்து கேளுங்கள்.

படி 6: எதுவுமே பலிக்கவில்லை என்றால்

ப்ளே ஸ்டோரில் வாட்ஸ்அப்புக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால்தான் நீக்கிப் போடுவது. அதற்கு முன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், வைஃபையில் பேக்கப் எடுங்கள். வீடியோக்களும் வேண்டுமென்றால் அதற்கான பட்டனைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில்தான் இதுவும் சேரும். அது நிறைந்திருந்தால் பேக்கப் பாதியில் நின்றுவிடும். கடைசி பேக்கப் என்ற வரியில் இன்றைய தேதியும் நேரமும் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எந்தக் கூகுள் கணக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மறுபடி நிறுவும்போது அதே எண்ணைக் கொடுங்கள். பேக்கப் கிடைத்தது என்று திரையில் வரும்போது ரீஸ்டோர் என்பதைத் தட்டுங்கள். அவசரத்தில் ஸ்கிப்பைத் தட்டிவிடாதீர்கள். கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், அந்தத் திரை வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.