உயிருள்ள எலியிலிருந்து ஃப்ரீசர் எலிக்கு: பால் பைத்தானைப் பழக்குவது எப்படி?

பால் பைத்தான் (Ball python என்னும் மலைப்பாம்பு வகை) வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் முதல் தலைவலி இதுதான். வாங்கிய இடத்தில் உயிருள்ள எலியைத் தின்று பழகிய பாம்பு, வீட்டுக்கு வந்ததும் உறைய வைத்த எலியை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்காக உயிர் எலியையே தொடர்வது நல்லதல்ல. பாம்பு பசியில்லாமல் சுருண்டு கிடந்தால், பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட எலி அதைக் கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் காயப்பட்ட பாம்புகள் உண்டு. எலிக்கும் அது வீண் வதை.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் ஆப்பிரிக்க இனம். அதையும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் பெட்டியைச் சரிபாருங்கள்

சாப்பிடாத பாம்புகளில் பாதிக்கு மேல் எலியில் குறையே இருக்காது என்பது என் எண்ணம். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. உடம்பு இறுக்கமாகப் பொருந்தும் ஒளிவிடம், அதாவது பாம்பு பதுங்கிக்கொள்ளும் கூடு, இரண்டு பக்கமும் வேண்டும். திறந்த வெளியில் கிடக்கும் பால் பைத்தானுக்குப் பயம்தான் வரும், பசி வராது.

புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். கண் பால் போல வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

படி 2: அளவு

பாம்பின் உடலில் பருத்த இடம் எவ்வளவோ, எலியும் கிட்டத்தட்ட அதே பருமன் இருந்தால் போதும். முதல் முயற்சிக்கு அதைவிடச் சற்றுச் சிறியதே மேல். இதுவரை சுண்டெலி தின்ற பாம்புக்குச் சுண்டெலியே கொடுங்கள். உயிர் எலியிலிருந்து உறைந்த எலிக்கும், சுண்டெலியிலிருந்து பெரிய எலிக்கும் ஒரே நாளில் மாற்றப் பார்ப்பது பேராசை.

படி 3: உருக்குவதும் சூடாக்குவதும்

காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முந்தின நாள் இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலை வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. நடுவில் பனிக்கட்டியோடு விழுங்கினால் பாம்பு கக்கிவிடலாம்.

உருகியது உறுதியானதும் பையோடு வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். குளிக்கிற வெந்நீரைவிடச் சற்றுக் கூடுதல் சூடு போதும், கொதிக்கும் நீர் வேண்டாம். வயிறு வெந்து, பாம்பு இறுக்கும்போது வெடித்துவிடும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். அங்கே ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் உறைந்தும் இருக்கும், வீடு நாறுவது தனிக் கதை.

சூட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கின்றன. இருட்டில் இரையின் உடல் வெப்பத்தை உணர்வது அவற்றால்தான். ஆறிப்போன எலி அதற்கு இரையே அல்ல, வெறும் பொருள். எலியின் மேற்பரப்பு 37 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும். தலை உடம்பைவிட ஒரு பிடி கூடுதலாகச் சூடாக இருந்தால் இன்னும் நல்லது. கொடுக்கும் முன் ஹேர் டிரையரால் தலையில் மட்டும் சில நொடி காட்டலாம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்கும் வேலை மிச்சம். வீடுகளில் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கு (Corn snake) இந்தக் குழிகள் கிடையாது, அது வாசனையையே அதிகம் நம்பும். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே யோசனை பலிப்பதில்லை.

எலியைத் துடைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஈரத்தில் பெட்டியின் தரையில் பரப்பிய தூள் ஒட்டி வாய்க்குள் போகும்.

படி 4: கொடுப்பது

இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, 30 சென்டிமீட்டராவது நீளமுள்ள இடுக்கியால் கொடுங்கள். கையால் வேண்டவே வேண்டாம். சூடான விரலுக்கும் சூடான எலிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் வரும்படி ஒளிவிடத்தின் வாசலுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டி, லேசாக அசையுங்கள். பாம்பின் மூஞ்சியில் இடிக்கக் கூடாது. கழுத்து எஸ் வடிவில் வளைந்து, நாக்கு மெதுவாக நீண்டு நீண்டு வந்தால் நல்ல அறிகுறி. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் பயந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

கவ்விச் சுற்றியதும் சிலை போல நில்லுங்கள். பாதியில் அசைந்தால் விட்டுவிட்டு ஓடிவிடும்.

படி 5: மறுத்தால்

எலியை ஒரு தட்டில் வைத்து ஒளிவிடத்தின் வாசலில் விட்டு, பெட்டியை மூடித் துணி போர்த்தி, போய்த் தூங்குங்கள். கூச்ச சுபாவமுள்ள பாம்புகள் யாரும் பார்க்காதபோது சாப்பிடும். காலையிலும் கிடந்தால் குப்பைக்கு. திரும்ப உறைய வைக்கக் கூடாது.

அடுத்த முயற்சிக்கு ஒரு வாரம் விடுங்கள். தினமும் நீட்டினால் எலியைக் கண்டாலே ஒதுங்கப் பழகிவிடும். அப்போதும் அசையாவிட்டால், உயிர் எலி இருந்த கூண்டின் படுக்கைத்தூளில் எலியைப் புரட்டிக் கொடுங்கள். ஜெர்பில் (Gerbil, எலி போன்ற சிறு பிராணி) வளர்ப்பவர் தெரிந்திருந்தால் அந்தத் தூள் இன்னும் நல்லது, ஆப்பிரிக்காவில் பால் பைத்தானின் இயற்கை இரைகளில் ஜெர்பிலும் ஒன்று. எலியின் மண்டையோட்டில் ஊசியால் குத்தி மூளையின் வாசம் வெளியே வரச் செய்வது இன்னொரு வழி. அருவருப்புதான், ஆனால் பலிக்கும். இடைப்படியாக, அப்போதுதான் கொல்லப்பட்ட எலி கிடைக்குமா என்று எலி வளர்ப்பவரிடம் கேட்கலாம். வீட்டில் நீங்களே கொல்ல முயலாதீர்கள்.

வளர்ந்த பால் பைத்தான் சில மாதம் பட்டினி கிடப்பது அபூர்வமல்ல. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சீறல் கேட்டாலோ ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், முன்பே போய்விடுங்கள்.

சாப்பிட்ட பிறகு

48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் குறைந்தது 10 நாள் இடைவெளி விட்டு, சின்ன இரையாகக் கொடுங்கள். உறைய வைப்பது பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும், சால்மோனெல்லாவைக் கொல்லாது. இடுக்கி, பாத்திரம், கை எல்லாவற்றையும் சோப்பால் கழுவுங்கள். அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பி வரக் கூடாது.

ஒரு தடவை தின்றதும் பெட்டி பெட்டியாக எலி வாங்கிவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று நான்கு வேளை எடுத்துக்கொள்ளட்டும். குட்டியாக இருந்தால் அதற்குள் அடுத்த அளவு எலி தேவைப்படலாம்.