ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆன கதை

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவைச் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக நின்றன. ஒவ்வொன்றும் 2 கேபி. ஆனால் பிராப்பர்ட்டீஸில் 6 ஜிபி நிரம்பியதாகக் காட்டியது. சரி, ஃபைல்கள் உள்ளேதான் இருக்கின்றன.

ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டுகளை அழித்தது. ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தன. வேறொரு பென்டிரைவை ஃபார்மட் செய்து ஒரு ஃபைலை வைத்தேன், அதுவும் ஷார்ட்கட் ஆனது. மூன்று நாள் இப்படியே போனது. அப்புறம்தான் உறைத்தது: வைரஸ் குடியிருப்பது என் லேப்டாப்பில்.

ஷார்ட்கட் ஒன்றின் 'டார்கெட்' வரியைப் படித்தேன். என் ஃபோல்டர் பெயரோடு ஒரு விபிஎஸ் ஃபைலின் (விண்டோஸில் ஓடும் குட்டி நிரல், அதாவது ஸ்கிரிப்ட்) பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட்டை முதலில் நிறுத்திவிட்டு, விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடுபவை இருக்கும் ஸ்டார்ட்டப் ஃபோல்டரிலும் தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரிலும் அதே பெயரில் கிடந்த ஃபைலை நீக்கினேன். வரிசை மாறினால் அழித்தது மறுபடி முளைக்கும். என் ஃபோல்டர்களை வைரஸ் 'ஹிட்டன்' (மறைந்தது), 'சிஸ்டம்' என்று குறியிட்டு மறைத்திருந்தது. பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில், அந்தக் குறிகளை மாற்றும் அட்ரிப் கட்டளை. ஹிட்டனை மட்டும் எடுக்கப் பார்த்தால் மறுக்கிறது. சிஸ்டம் குறியையும் சேர்த்து எடுத்ததும் ஃபோல்டர்கள் வந்துவிட்டன. அப்பாடா!

இப்போது விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், இத்தகைய ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டை முடக்கியிருக்கிறேன். பிரிண்ட் எடுக்க பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.