வாஷர் டேங்கில் தண்ணீர் நிற்கவில்லையா? பம்பை மாற்றுவதற்கு முன்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. டேங்க் ஒழுகினால் ஒழுகட்டும், டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீர் கிடக்கிறது, தேவைப்பட்டால் இறங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முன்னால் போகும் லாரி சேற்றை வாரிக் கண்ணாடியில் அடிக்கும் அந்த நொடியில் டிக்கி பாட்டில் உதவாது. தண்ணீர் இல்லாமல் வைப்பரைப் போட்டால் மணல் கண்ணாடியோடு தேய்ந்து கோடு விழும், அந்தக் கோடு ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும்.

சரி, ஒழுகுகிறது என்று தெரிந்தபிறகு செய்யும் பெரிய தவறு, நேராகப் பம்பைக் கைகாட்டுவது. என்னிடம் இருப்பது 2003 மாடல் சின்ன கார். ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் கீழே ஈரம். ஒர்க்‌ஷாப்பில் பம்ப் போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலும் அதே ஈரம். அதன்பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்: டேங்க் கொள்ளளவு இரண்டரை லிட்டர், பம்ப் இருப்பதோ டேங்கின் அடியில். பம்ப் பக்கம் ஒழுகினால் தண்ணீர் முழுக்க வடிந்துபோக வேண்டும். அப்படி வடிகிறதா என்று பார்க்க, கழுத்து வரை நிரப்பி ஒரு ராத்திரி விட்டேன், காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றினேன், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் உள்ளே போனது. அடுத்து இரண்டு நாள் ஓட்டாமல், வாஷர் சுவிட்சைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே அளவுதான் போனது. அதாவது பாதி டேங்க் வரை வடிந்து அதோடு நின்றுவிடுகிறது, ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். வீல் பக்கத்துப் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிப் பார்த்தால், டேங்கை பாடியோடு பிடிக்கும் போல்ட் காதின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். இருபது வருஷ அதிர்வில் வந்தது. துடைத்துவிட்டு விரலால் காதை லேசாக அசைத்தபோது அந்தக் கோட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. புதுப் பம்ப் பாவம், அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி. எப்போது ஒழுகுகிறது, எந்த மட்டத்தில் நிற்கிறது? வண்டி சும்மா நிற்கும்போதே ஒழுகினால் டேங்க், பம்ப் செருகியிருக்கும் ரப்பர் புஷ், பம்ப் உடம்பு இவற்றில் ஒன்று. சுவிட்சை அழுத்தும்போது மட்டும் ஒழுகினால் பம்புக்குப் பிறகு வரும் ஹோஸ், அது இரண்டாகப் பிரியும் டி ஜாயிண்ட், கண்ணாடியில் பீய்ச்சும் முனையான நாசில் வரையுள்ள பாதை. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பலர் ஏமாறுவதும் இங்கேதான். இந்தப் பம்ப் நின்றிருக்கும்போது தண்ணீரை அடைத்துப் பிடிக்காது, அது பாட்டுக்கு ஊடே போய்வரும். எலி ஹோஸைத் தாழ்வான இடத்தில் கடித்திருந்தாலும், ஹோஸ் பம்பிலிருந்து நழுவியிருந்தாலும், சுவிட்சைத் தொடாமலே டேங்க் காலியாகிவிடும்.

ஒழுகாததை ஒழுகல் என்று நினைப்பதும் நடக்கிறது. ஏசி போட்டு ஓட்டிய வண்டிக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் ஏசி டிரெயின் தண்ணீர், அது சொட்டத்தான் வேண்டும். பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், வாஷர் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். சுவிட்சை அழுத்தியதும் அடிக்காமல் இரண்டு மூன்று நொடி கழித்து அடிக்கிறது என்றால், ஹோஸில் இருந்த தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கலாம், ஒன்வே வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சமையல் கலர் கலந்து, கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள், கறை எங்கே விழுகிறது என்று காலையில் தெரிந்துவிடும்.

பின் கண்ணாடிக்கும் வாஷர் உள்ள ஹாட்ச்பேக் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஹோஸ் பெரும்பாலும் காருக்குள்ளே, ஓரத்து பிளாஸ்டிக்குக்கு அடியில்தான் ஓடும். பக்கத்து வீட்டு அண்ணன் கார்பெட் ஈரத்தை ஏசி அடைப்பு என்று நினைத்து இரண்டு முறை டிரெயின் குழாயை ஊதிப் பார்த்தார். கடைசியில் பார்த்தால் பின் வாஷரைப் போடும்போதெல்லாம் உள்ளே ஒரு ஜாயிண்ட் விட்டுப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கார்பெட்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் தரைத் தகடு துருப்பிடிக்கும், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம் இந்தப் பசை விவகாரம். வாஷர் டேங்க் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை வழவழப்பான பிளாஸ்டிக். அதில் சூப்பர் குளூவும் பிசைந்து வைக்கும் எபாக்ஸியும் சரியாகப் பிடிக்காது, ஒரு வாரம் நிற்கும், சூட்டிலும் அதிர்விலும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். சூடு காட்டி, அதே வகை பிளாஸ்டிக்கை வைத்து வெல்ட் செய்தால் நிற்கும், இல்லையென்றால் நல்ல பழைய டேங்க் ஒன்றைத் தேடி மாட்டுங்கள். ரப்பர் புஷ் ஒழுகினால் அதைச் சுற்றி சிலிக்கான் அப்புவதும் வீண்வேலை. காய்ந்து இறுகிப்போன புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பார்த்தால் பதியவே பதியாது, புதியதாக இருந்தால் அமுங்கி மேலே வரும். விலை அற்பம், மாற்றிவிடுங்கள். மாட்டும்போது வழுக்கலுக்கு கிரீஸ் தடவாதீர்கள், பெட்ரோலிய கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் ஊதித் தளர்ந்துவிடும், தண்ணீரில் நனைத்துத் திருகி அழுத்தினாலே போதும். பம்பை மாற்றும்போது பழைய புஷ்ஷையே திரும்பப் போடுவதும் தவறுதான்.

ஹோஸ் ஒரே இடத்தில் அடிக்கடி கழன்றால் கிளிப் போட்டு இறுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள், நாசில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு நாசில் துளையில் படிந்து அடைத்துக்கொள்ளும், வழியில்லாத தண்ணீர் பலவீனமான ஜாயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஹோஸைக் கழற்றிவிட்டு நாசிலை மட்டும் மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யுங்கள். ஹோஸ் மாட்டியிருக்கும்போதே கம்ப்ரஸர் காற்றைப் பிடித்தால் உள்ளே இன்னொரு இடத்தில் விட்டுவிடும்.

சோதிக்கிறேன் என்று காலி டேங்கில் சுவிட்சை அழுத்திப் பிடிக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் சூடேறிக் கெட்டுவிடும். வீல் பக்கம் கையை நுழைக்க, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினாலே பல கார்களில் இடம் கிடைக்கும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். கவரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் டேங்கைக் கழுத்து வரை நிரப்பி ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். நான் அவசரப்பட்டு மாட்டிவிட்டு, மறுநாள் கவரின் ஏழு கிளிப்பையும் மறுபடி கழற்றினேன், அதில் இரண்டு உடைந்தது.