எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தாயிற்று, கணினி பூட் ஆகவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் வேலை, அதாவது க்ளோன், 100 சதவீதம் முடிந்தது என்று காட்டிய பிறகும் விண்டோஸ் திறக்காவிட்டால், பழி பெரும்பாலும் க்ளோன் மென்பொருளின் மேல்தான் விழுகிறது. தவறு அநேகமாக நகலுக்கு முன்னாலோ பின்னாலோ நடந்திருக்கும்.

முதலில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ 0-க்கு மேல் இருந்தால், டிஸ்க் சரியாகப் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) உள்ளன என்று பொருள். க்ளோன் பாதியில் நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம். உடனே செக்டிஸ்க்கை (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி) முழு டிஸ்க்கிலும் ஓட்டுவது பலரின் பழக்கம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதைச் செய்யாதீர்கள். மணிக்கணக்காகப் படிக்க வைத்து மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். முக்கியமான கோப்புகளை எடுத்துவிட்டு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை, எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலோடு ஓட்டுங்கள். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுக்கும், கெட்டவற்றுக்குக் கடைசியில் திரும்பும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்தது, சி டிரைவை மட்டும் க்ளோன் செய்வது. யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய வகை பயாஸ்) உள்ள கணினியில் பூட் கோப்புகள் சி-யில் இருப்பதில்லை. பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32-இல் உள்ள தனி இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும். அதனால் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) இருந்தால், மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொண்டு, தொடங்கும் முன் என்க்ரிப்ஷனை நீக்கிவிடுவதே தலைவலி இல்லாத வழி.

ஆனால் அதிகம் ஏமாற்றுவது, முதல் பூட்டின்போது இரண்டு டிஸ்க்குகளையும் இணைத்தே வைத்திருப்பதுதான். அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடலாம். விண்டோஸ் அப்போது ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். சில சமயம் சத்தமில்லாமல் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகும். ‘வேலை செய்கிறதே’ என்று நம்பிப் பழையதை ஃபார்மேட் செய்யும் நாளில்தான் குட்டு உடையும். க்ளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியோடு மட்டும் இயக்குங்கள். பயாஸில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்எஸ்டி தனியாகச் சில நாள் ஓடிய பிறகே பழையதை அழிக்கலாம்.

அப்போதும் பூட் ஆகாவிட்டால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் தொடங்கி, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் காட்டினால், பூட் கோப்புகள் புதிதாக எழுதப்படும். இங்கே சி என்பது டி ஆகவோ வேறு எழுத்தாகவோ மாறியிருக்கலாம். கோப்புறையைக் கண்ணால் பார்த்துவிட்டே எழுத்தைக் கொடுங்கள். நீலத்திரையில் ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் டிரைவரைச் சந்தேகியுங்கள். பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு (டிஸ்க்கோடு பேசும் முறைகள்) அமைப்பை இடையில் மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். விண்டோஸ் 7-இல் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவர் உள்ளமைந்து வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று: எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவில் சாட்டா, என்விஎம்இ இரண்டு வகை எஸ்எஸ்டிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மதர்போர்டு ஸ்லாட்டும், எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் யுஎஸ்பி கேஸும் எதை ஏற்கும் என்று முன்பே பாருங்கள். பொருந்தாவிட்டால் எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது.

அந்தக் கேஸை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 35 எம்பிதான் கிடைக்கும். 500 ஜிபி நகலாக 4 மணி நேரம் ஆகும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள்.

பெரிய எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு சி-யை நீட்ட முடியாமல் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாகத் தெரிந்தால், சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதை அழிக்க வேண்டாம். பார்ட்டிஷன் மென்பொருளில் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி-யை நீட்டுங்கள்.