15,000 ரூபாய்க்குள் ஓர் எலக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டார்: வாங்கும் முன் சோதிக்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்தில் தேவாலயப் பாடகர் குழுவிலோ கல்லூரி மேடையிலோ வாசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 15,000 ரூபாய்க்குள் ஓர் எலக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டாரை, அதாவது ஒலிபெருக்கியிலும் இணைக்கக்கூடிய அகூஸ்டிக் கிட்டாரைத் தேடுகிறார்கள். அந்த விலைக்கு நல்ல கருவி கிடைக்கவே செய்கிறது. ஆனால் ஒரே மாடலில் அருகருகே மாட்டியிருக்கும் இரண்டு கிட்டார்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே மாடலின் பெயரை நம்பாமல், உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கருவியைச் சோதித்து வாங்க வேண்டும். கார்டு பிடிக்கவும் சுருதி சேர்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடைக்குப் போகும்போது அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள எஃகு ஸ்கேல், கிளிப் ட்யூனர், ஒரு விசிட்டிங் கார்டு, சொந்தக் கேபிள், புதிய 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அலைபேசிச் செயலியைவிடக் கிளிப் ட்யூனரே மேல் என்பது என் உறுதியான கருத்து. கடைத்தெரு இரைச்சலில் செயலி தடுமாறும், கிளிப்போ மரத்தின் அதிர்வை நேரடியாக வாங்கிக்கொள்ளும். பேட்டரியையும் மறக்க வேண்டாம். காட்சிக்கு வைத்த கிட்டாரில் பாதி தீர்ந்த பேட்டரி இருந்தால் ஒலி நசுங்கும். நல்ல கருவியை நீங்கள் வீணாக ஒதுக்கிவிடுவீர்கள்.

முதலில் மரத்தைப் பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பில் அலைபேசி வெளிச்சத்தைக் காட்டினால், மேற்பலகையின் ரேகைகள் விளிம்பில் இறங்கி அதன் கனம் முழுவதும் தொடர்கின்றனவா என்பது தெரியும். தொடர்ந்தால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். முழுப்பலகை நன்றாக ஒலிக்கும், ஆனால் ஈரத்துக்கு அதிகம் அசையும். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதமே உகந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலெல்லாம் நீர் நிற்கும் நம் ஊர்களில் காற்றின் ஈரம் அதைவிட வெகுவாகக் கூடும்போது, மேற்பலகை, கம்பிகளின் அடிமுனை பதியும் மரக்கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பி, கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு மேலெழும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவது, அந்த மரம் பல ஆண்டுகள் காய்ந்து அடங்கியிருப்பதால்தான். 15,000 ரூபாய் கிட்டாரில் அவ்வளவு காய்ந்த மரத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே கிட்டாரைப் பையில் போடாமல் சுவரில் மாட்டிவைப்பவர்களுக்கு நான் ப்ளைவுட்டையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது ஒட்டு. பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள். மேற்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது எங்காவது சலசலப்புக் கேட்டால் உள்ளே ஒரு தாங்குசட்டத்தின் ஒட்டு விட்டிருக்கலாம்.

நெக்கின் வளைவை அறிய, தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. சற்றுக் கூடுதலோ குறைவோ நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யக்கூடியதே. பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வைத்து, ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷனை அளக்க வேண்டும். தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. வரை இருக்கலாம். மழைக்காலத்தில் இதைவிடச் சிறிது உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் வாங்கும்போதே உயர்ந்திருந்தால் அடுத்த அடைமழையில் அது இன்னும் மோசமாகும். அத்துடன் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டான சாடில், பிரிட்ஜுக்கு மேல் 3 மி.மீ. அளவாவது நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறக்க, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டியிருப்பதால், அந்த உயரம் இல்லாத கிட்டாரில் பின்னால் திருத்தம் செய்ய இடமிருக்காது.

ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒருமுறை மீட்டி, உரசும் இடங்களைக் கண்டுகொள்ளுங்கள். பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக நிற்க வேண்டும். ஒலியைக் கேட்பதற்குக் கடைக்காரரையோ உடன் வந்தவரையோ வாசிக்கச் சொல்லி எதிரே நில்லுங்கள். கிட்டாரின் ஒலி முன்னோக்கியே போவதால், மடியில் வைத்துக் கேட்பவருக்கு அதன் பாதிதான் தெரியும்.

இனிக் கேபிளைச் செருகலாம். தொடங்குபவர்கள் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) எதிரொலி சேர்க்கும் ரிவெர்பை முழுவதும் அணைக்கச் சொல்லுங்கள். அது எல்லாக் குறைகளையும் மூடிவிடும். கிட்டாரின் ஈக்வலைசர் திருகுகள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி, ஒலியளவைப் பாதியில் வைத்து, ஆறு கம்பிகளையும் கட்டைவிரல் சதையால் ஒரே விசையில் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். கேபிள் இல்லாமல் சமமாக ஒலித்த கம்பிகளில் ஒன்று இப்போது மட்டும் அமுங்கியோ எகிறியோ கேட்கலாம். அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பே பழுது, மாற்ற வேண்டும் என்று கடைகளில் சொல்வதுண்டு. பெரும்பாலும் காரணம் அதைவிடச் சிறியது. சாடிலுக்கு அடியில் இருக்கும் பியெசோ பட்டை, தன்மேல் விழும் அழுத்தத்தையே மின்சைகையாக மாற்றுகிறது. சாடிலின் அடிப்பாகம் சமதளமாக இல்லாவிட்டாலும், பள்ளத்தில் மரத்தூள் கிடந்தாலும், பட்டை வளைந்து கீழே இறங்கும் துளைக்கு மேல் ஒரு கம்பி அமைந்துவிட்டாலும், அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து ஒலி அமுங்கும்.

கம்பிகளைத் தளர்த்திச் சாடிலை எடுத்து, பள்ளத்தைச் சிறு தூரிகையால் துடைத்து, கண்ணாடித் துண்டின் மேல் விரித்த உப்புத்தாளில் சாடிலின் அடியை நேராகத் தேய்த்துத் திரும்ப வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டியிருக்கும் சாடிலை மட்டும் பலம் கொடுத்துப் பெயர்க்காதீர்கள், பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும். ஆகவே ஒரு கம்பி மட்டும் சற்று அமுங்கிய கிட்டாரை, மற்றவையெல்லாம் நன்றாக இருந்தால், தயங்காமல் வாங்கலாம். எல்லாக் கம்பிகளுமே மெலிந்து, தகரம்போல ஒலித்தால் வாங்க வேண்டாம்.

ஒலியளவைக் கூட்டி, ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை மீட்டிப் பாருங்கள். 98 ஹெர்ட்ஸ் கொண்ட அந்தச் சுரம் பெரிய உடல் கொண்ட கிட்டார்களின் இயல்பான அதிர்வுக்கு மிக அருகில் வருவதால், ஒலிபெருக்கியின் ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து எழுப்பும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். பாஸைச் சற்றுக் குறைத்தால் அடங்குகிற ஊளை கவலைப்பட வேண்டியதல்ல.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், புதிய பேட்டரி சில நாளிலேயே தீர்ந்துவிடுவதாக எழுதியிருந்தார்கள். இவ்வகைக் கிட்டார்களில் பொதுவாகக் கேபிளைச் செருகியதுமே உள்ளே இருக்கும் ஒலிகூட்டியான ப்ரீஆம்ப் இயங்கத் தொடங்கும். ஆம்ப்பை அணைத்தாலும் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவிவிடுங்கள். வேளாங்கண்ணி, நாகூர்ப் பக்கம் இருப்பவர்கள் கேட்ட கம்பித் துருவுக்குக் காரணம் கடற்காற்றின் உப்பு. மேற்பூச்சுள்ள கம்பிகள் விலை கூடுதல் என்றாலும், கடற்கரை ஊர்களில் நான் அவற்றையே வாங்கச் சொல்வேன். வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து வையுங்கள்.