கணக்கு சரி, விடை தப்பு

ஓர் எண்ணோடு 2ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் திரும்ப வருகிறது. அந்த எண் எது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் ஒரு இருபடிச் சமன்பாடு வரும். காரணிப்படுத்தினால் விடை 2, –1. எந்த வரியிலும் பிழை கிடையாது. ஆனால் –1ஐ எடுத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். –1ஓடு 2ஐக் கூட்டினால் 1, அதன் வர்க்கமூலம் 1. கேட்டதோ –1. ஆக அது விடையே இல்லை. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோகிறது. அந்தச் சந்தில் ஒரு போலி விடை உள்ளே நுழைந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம் என்றால், இரண்டு பக்கத்தையும் அந்த எண்ணால் வகுத்து “விடை 5” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 0உம் ஒரு விடை. பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்த அந்த நொடியிலேயே அது தொலைந்துவிட்டது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கிடைத்த விடையைக் கொண்டுபோய் முதலில் கேட்ட கேள்வியிலேயே பிரதியிட்டுப் பார்ப்பது, விட்டுப்போனது எதுவும் உண்டா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. “சரிபார்த்தல்” என்று பாடப்புத்தகத்தின் கடைசி வரியில் இருக்கும். மார்க் இல்லாத வரி என்பதால் பாதிப் பிள்ளைகள் எழுதமாட்டார்கள். நானும் பல வருடம் வற்புறுத்தியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பஸ்ஸிலும் தேர்வு முடிவிலும் காட்டிலும் கடலிலும் கணக்கைப் பயன்படுத்தும்போது பெரிய தப்புகள் நடப்பது இந்த வரியை விட்டுவிடுவதால்தான்.

பஸ்ஸையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வழித்தடத்தில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று போக்குவரத்துக் கழகம் சொல்கிறது. அப்படியானால் நாம் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆனால் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “அரை மணி நேரமா ஒண்ணும் வரல, இப்ப பாரு ரெண்டு சேர்ந்து வருது” என்பார்கள். கழகமும் பொய் சொல்லவில்லை, பயணியும் பொய் சொல்லவில்லை.

இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று ஒட்டி வருவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி ஒருமுறை 2 நிமிடம், அடுத்து 18 நிமிடம், திரும்ப 2, திரும்ப 18. சராசரி இடைவெளி இப்போதும் 10தான். நிமிடத்துக்கு ஒருவர் வீதம் நிறுத்தத்துக்கு வருகிறார்கள். 20 நிமிடத்தில் வரும் 20 பேரில், சின்ன இடைவெளியில் வந்து சேர்பவர்கள் 2 பேர் மட்டுமே. அவர்கள் சராசரியாக ஒரு நிமிடம் நிற்கிறார்கள். மீதி 18 பேர் பெரிய இடைவெளியில் மாட்டி, சராசரியாக 9 நிமிடம் நிற்கிறார்கள். மொத்தம் 164 நிமிடம், தலைக்கு 8.2. ஐந்து எங்கே, எட்டு எங்கே. கழகம் பஸ்களின் மேல் சராசரி எடுத்தது. பயணியின் அனுபவம் ஆட்களின் மேல் எடுக்க வேண்டிய சராசரி. நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் விழுவார்கள் என்பது முதல் கணக்கில் தெரியவே தெரியாது.

போக 60 கிலோமீட்டர் வேகம், திரும்பி வர 40, சராசரி 50 என்று சொல்வதும் இந்த வகைத் தப்புதான். மெதுவாக வந்த நேரம்தான் அதிகம். சரியான விடை 48. இது எல்லோருக்கும் தெரிந்த புதிர், விட்டுவிடுவோம்.

இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. நெரிசலா, இன்னொரு ரோடு போடு என்பது பொதுப்புத்தி. 1968இல் டீட்ரிஷ் பிரெஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர், புது ரோடு போட்டதாலேயே எல்லோருக்கும் பயண நேரம் கூடலாம் என்று காட்டினார். 4000 கார்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகின்றன. இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு பாதி அகலமான சாலை: எத்தனை வண்டி வந்தாலும் 45 நிமிடம். இன்னொரு பாதி குறுகலான சாலை: வண்டிகளின் எண்ணிக்கையை 100ஆல் வகுத்தால் வருவது எத்தனையோ அத்தனை நிமிடம். ஒரு வழியில் குறுகல் முதலில் வரும், இன்னொன்றில் கடைசியில். கார்கள் பாதிப்பாதியாகப் பிரிந்து போகும். ஆளுக்கு 20 + 45, அதாவது 65 நிமிடம்.

இப்போது நடுவில் ஒரு மேம்பாலம் கட்டி, முதல் குறுகலின் முடிவையும் இரண்டாவது குறுகலின் தொடக்கத்தையும் இணைக்கிறோம். பாலத்தைக் கடக்க நேரமே ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதில் போனவருக்கு 20 + 20, நாற்பதே நிமிடம். கேள்விப்பட்ட எல்லோரும் அதில் திரும்புகிறார்கள். இரண்டு குறுகலிலும் 4000 வண்டி. 40 + 40, எண்பது நிமிடம். பழைய வழிக்குத் திரும்பலாம் என்று ஒருவர் மட்டும் நினைத்தால் அவருக்கு 85 ஆகும், ஆகவே யாரும் திரும்புவதில்லை. திட்டம் போட்டவர் செய்த தப்பு என்ன? ரோடு மாறினாலும் ஆட்கள் பழைய வழியிலேயே போவார்கள் என்று எடுத்துக்கொண்டது.

இதற்கு உதாரணமாகத் தென்கொரியாவின் சியோல் நகரைச் சொல்வார்கள். அங்கே சோங்கேசோன் ஓடையின் மேல் கட்டியிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். பயந்த அளவுக்கு நகரம் ஸ்தம்பிக்கவில்லை. ஆனால் 2004இல் அந்த நகரத்தின் பஸ் வழித்தடங்களையே மாற்றியமைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் நடந்தால், பிடித்த ஒன்றுக்கு மட்டும் பெயரைக் கொடுப்பதும் நம் பட்டியலில் சேரவேண்டிய தப்பு.

சரி, பள்ளிக்கு வருவோம். பஸ் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். ஒரு பிரிவில் 20 பேர், இன்னொன்றில் 60 பேர். வகுப்புச் சராசரி 40. பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி “உன் வகுப்பில் எத்தனை பேர்” என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 50. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தைக் கல்வி உரிமைச் சட்டம் மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்று வைத்ததில் நியாயம் இருக்கிறது. மாவட்டச் சராசரி நன்றாக இருக்கும்போதே அறுபது பேர் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிவு வந்ததும் “நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற பள்ளிகள்” என்று ஒரு பட்டியல் வரும். ஒரு மாணவர் தேர்ச்சி பெற 95 சதவீத வாய்ப்பு என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம். ஒருவர் பாஸாவது இன்னொருவரைப் பாதிக்காது என்றும் கொள்வோம். 8 பேர் எழுதும் பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி பெற 66 சதவீத வாய்ப்பு. 300 பேர் எழுதும் பள்ளியில் அந்த வாய்ப்பு சுமார் 48 லட்சத்தில் ஒன்றுதான். கற்பித்தலில் இம்மி வித்தியாசம் இல்லாமலேயே பட்டியலின் மேலே சின்னப் பள்ளிகள் வந்து உட்காரும். கீழேயும் சின்னப் பள்ளிகள்தான் இருக்கும். எட்டில் இரண்டு பேர் தவறினாலே 75 சதவீதம்; தலைமை ஆசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். அடுத்த வருடம் அந்தப் பள்ளி தானாகவே மேலே வரும். அனுப்பிய கடிதம் வேலை செய்தது என்று கடிதம் எழுதியவர் நம்புவார்.

கூட்டிப் பார்த்தால் ஒன்று, பிரித்துப் பார்த்தால் வேறொன்று என்பதும் உண்டு. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. பாரபட்சம் என்று பார்த்தால், துறைவாரியாகப் பிரித்த கணக்கில் அது காணாமல் போனது. பெரிய துறைகளில் ஒன்றில் பெண்களுக்கு 82 சதவீதம், ஆண்களுக்கு 62. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்கு என்பதுதான் விஷயம். இங்கே ஒரு எச்சரிக்கை: பிரித்த கணக்குதான் எப்போதும் சரி என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்பது இந்த அட்டவணைக்கு வெளியே நிற்கும் கேள்வி; சூத்திரம் பதில் சொல்லாது.

காட்டுக்குள் போனால் எண்ணுவதே பெரிய பாடு. குளத்து மீனை எண்ண ஒரு பழைய வழி இருக்கிறது. 50 மீன் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிடுவது. சில நாள் கழித்து 40 பிடித்தால் அதில் 8க்கு அடையாளம் இருக்கிறது. ஆக ஐந்தில் ஒன்று, குளத்தில் 250. அழகான கணக்கு. ஆனால் பாதி மீன்களின் அடையாளம் உதிர்ந்திருந்தால் 4தான் கிடைத்திருக்கும். விடை 500 என்று வரும். குளத்தில் ஒரு மீன்கூடக் கூடியிருக்காது.

புலிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் வரியே அடையாளம், உதிராது. ஆனால் புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மட்டும் கேமரா வைத்தால், ஒரே புலி இரண்டு புலியாகக் கணக்கில் ஏறும். பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கேமரா கட்டுவது அதற்காகத்தான்.

அதற்கு முன்னால் இந்தியாவில் காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் போய்த் தேடியபோது ஒன்றுகூட இல்லை, வேட்டையில் போய்விட்டிருந்தன. தடக் கணக்குப்படி 2001–02இல் நாடு முழுவதும் 3642 புலி. கேமராவையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் சேர்த்து 2006இல் எடுத்தது 1411. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து “நான்கே வருடத்தில் 2231 புலி செத்தது” என்று எழுதலாமா? வெவ்வேறு தராசில் நிறுத்ததைக் கழிக்கக் கூடாது. பின்னால் வந்த ஏற்றத்துக்கும் இது பொருந்தும். 2006 கணக்கில் சுந்தரவனம் சேரவில்லை, அடுத்த கணக்கில் சேர்ந்தது. அந்த அளவுக்கு வந்தது புலி பெருகிய ஏற்றமே இல்லை.

பள்ளிக் கணக்கில் எண்கள் சுத்தமாக வரும். வெளியே எல்லாமே அளந்த எண், கொஞ்சம் பிசகும். சில கணக்குகள் அந்தப் பிசகைத் தாங்காது. இரண்டு எண்களைக் கூட்டினால் 2. முதலாவதோடு இரண்டாவதின் 1.001 மடங்கைக் கூட்டினால் 2.001. விடை 1, 1. அந்த 2.001ஐ 2.002 என்று அளந்துவிட்டால் விடை 0, 2. அளவில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் பிசகு, முதல் எண் அடியோடு மறைந்துவிட்டது. கணினி எட்டுத் தசம இடம் காட்டினால் எட்டு இடமும் உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்து கடலில், காட் மீன் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்க ஆய்வுக் கப்பலின் அளவீட்டோடு விசைப்படகுகளின் மீன்பாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எத்தனை கிலோ விழுகிறது என்பது அளவு. 1980களில் அது நன்றாகவே இருந்தது. மீன் குறைந்தால் கடல் முழுக்கச் சீராகக் குறையும், வலையில் விழுவதும் அதே வீதத்தில் குறையும் என்பது கணக்கின் அடியில் யாரும் எழுதாமல் விட்ட வரி. காட் கூட்டமாகச் சேரும் மீன். குறையக் குறைய மிச்சமிருந்தவை ஓரிடத்தில் நெருங்கின. படகுகளில் அவற்றைத் தேடிப்பிடிக்கும் கருவிகள் இருந்தன. கடைசிக் கூட்டம் வரை வலை நிறைந்தே வந்தது.

கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் வருகிற மீன் சிறுத்துவிட்டது, எண்ணிக்கையும் குறைந்துவிட்டது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரதியிட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி மூடிய அந்தக் கடல் வணிக மீன்பிடிப்புக்குத் திரும்பத் திறந்தது 2024 ஜூனில், மொத்தம் 18,000 டன்னுக்கு மட்டும்.